புது பெயின்ட் அடித்த பலகை

மாஸ்டர்: இப்ப எதுக்கு மேடம் வண்டிய நிறுத்துனீங்க?

மேடம்: பலகை போட்டிருக்காங்களே மாஸ்டர். "நில், பார், கேள், பிறகு செல்."

மாஸ்டர்: போடுறவங்க போடுவாங்க. அதைப் படிக்கணும்னு யாராவது சொன்னாங்களா?

மேடம்: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நீங்களே இப்படிச் சொன்னா...

மாஸ்டர்: கேட் இருந்தா நின்னுதான் ஆகணும். லைட் எரிஞ்சா ஒரு மரியாதைக்காவது நிக்கலாம். இங்க என்ன இருக்கு? ரெண்டு தண்டவாளம், ஒரு பலகை. அது பாட்டுக்கு நிக்குது. அதுக்குத் துணையா நாமளும் நிக்கணுமா?

மேடம்: பெயின்ட் புதுசா இருக்கே.

மாஸ்டர்: போன மாசம் இங்க ஒரு பால் வேனை ரயில் அடிச்சிடுச்சுல்ல. கேட் போடுங்கன்னு ஊரே திரண்டு போய் மனு குடுத்துச்சு. பெரிய அதிகாரிங்க ஜீப்புல வந்தாங்க, பாத்தாங்க, ரொம்ப வருத்தப்பட்டாங்க. மறுநாள் பலகைக்குப் பெயின்ட் அடிச்சுட்டாங்க.

மேடம்: பளபளன்னு இருக்கு. நிஜமாவே வருத்தப்பட்டிருப்பாங்க போல.

மாஸ்டர்: கிண்டல் போதும். கிளட்ச்சை மிதிங்க, ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. மெதுவா... அட, எதுக்கு நியூட்ரல் போடுறீங்க?

மேடம்: நின்னா நியூட்ரல் போடணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க.

மாஸ்டர்: நேத்து சொன்னது நேத்தோட போச்சு. எடுங்க.

மேடம்: நீங்களே எடுங்களேன்.

மாஸ்டர்: என் பக்கம் கிளட்ச்சும் பிரேக்கும்தானே இருக்கு? ஆக்சிலேட்டர் உங்க காலுக்கடியில இருக்கு.

மேடம்: அதான் நான் நிம்மதியா இருக்கேன்.

மாஸ்டர்: சரி, நின்னாச்சு. பலகையில அடுத்தது என்ன, "பார்". பாருங்க. என்ன தெரியுது?

மேடம்: முள்ளுப்புதர்.

மாஸ்டர்: அந்தப் பக்கம்?

மேடம்: அங்கயும் முள்ளுப்புதர். இன்னும் கொஞ்சம் உயரமா.

மாஸ்டர்: அதுக்கு மேல ஒரு வளைவு. ரயில் மூக்குக்கு நேர வந்தாத்தான் தெரியும். இதுல பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? இத்தனை வருஷத்துல எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், உங்கள மாதிரி ஒரு ஆளைப் பாத்ததில்ல. இப்படியே போனா உங்களுக்கு லைசென்ஸ் வர்றதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான். உங்க வீட்டுல எப்படித்தான்...

மேடம்: ஏதாவது கேட்டுச்சா மாஸ்டர்?

மாஸ்டர்: என்ன கேக்கணும்?

மேடம்: ஒண்ணுமில்ல. அந்தப் பால் வேன் அடிபட்டதை நீங்க பாத்தீங்களா?

மாஸ்டர்: பாத்தீங்களாவா? வேனுக்கு நேர் பின்னால நான்தான். இதே கார். ஸ்டூடன்ட்டை வீட்டுல இறக்கிட்டுத் தனியா வந்துட்டு இருந்தேன். ஒரே சாட்சி நான்தான், தெரியுமில்ல?

மேடம்: வேன்காரர்?

மாஸ்டர்: கால்ல கட்டோட ஆஸ்பத்திரியில கிடக்கான். மண்டையிலயும் அடி. அன்னைக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லையாம். ஆக, எல்லாம் இப்ப என் வாயிலதான் இருக்கு. நாளைக்குக் கடைசி விசாரணை. ரயில் ஓட்டுனவன் விசிலே அடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆளை ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

மேடம்: ஒரு வார்த்தையில ஒரு வீட்டுச் சோறு. பெரிய ஆளுதான் நீங்க.

மாஸ்டர்: நான் என்ன பொய்யா சொல்றேன்? எனக்குப் பாம்புக் காது மேடம். இன்ஜின்ல ஒரு நட்டு லூசா இருந்தாக்கூட கண்டுபிடிச்சுடுவேன்.

மேடம்: அன்னைக்கும் கார்ல இப்படித்தான் பாட்டு ஓடிட்டு இருந்துச்சா?

மாஸ்டர்: பாட்டு இல்லாம எப்படித் தனியா ஓட்டறது? தூங்கிட மாட்டேன்?

மேடம்: கண்ணாடியும் ஏத்தியிருந்துச்சா?

மாஸ்டர்: ஏசி போட்டுட்டுக் கண்ணாடிய இறக்கி வச்சா ஊருக்கேவா குளிரும்? நல்லா கேக்கறீங்க போங்க.

மேடம்: இப்ப?

மாஸ்டர்: என்ன இப்ப?

மேடம்: இப்ப ஏதாவது கேட்டுச்சா?

மாஸ்டர்: நல்லாவே கேட்டுச்சு. பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிக்கிறான். கிளம்புங்க மேடம், மானம் போகுது.

மேடம்: அவன் ஹார்ன் அடிச்சா ரயில் வரலைன்னு அர்த்தமா?

மாஸ்டர்: அர்த்தமெல்லாம் யாருக்குத் தெரியும்? பின்னால ஒருத்தன் இப்படி விடாம அடிச்சா முன்னால இருக்கிறவன் போயிடுவான். அவ்வளவுதான்.

மேடம்: போயிடுவானா?

மாஸ்டர்: போகாம? புத்தி வேண்டாம்னு சொன்னாலும் கால் தானா ஆக்சிலேட்டரை...

மேடம்: ஏன் நிறுத்திட்டீங்க?

மாஸ்டர்: ஒண்ணுமில்ல.

மேடம்: சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

மாஸ்டர்: மேடம்... ரயில். அதோ ரயில். பிரேக்கை விட்டுடாதீங்க.

மேடம்: நான் எங்க விட்டேன்? நீங்கதான் உங்க பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிச்சுட்டு இருக்கீங்க.

மாஸ்டர்: போகட்டும், போகட்டும்... முழுசா போகட்டும்.

மேடம்: போயிடுச்சு. மூச்சு விடுங்க மாஸ்டர். பின்னால இருந்தவரும் ஹார்னை நிறுத்திட்டார், பாருங்க.

மாஸ்டர்: பாத்தீங்களா... இன்னைக்கும் விசில் அடிக்கலை.

மேடம்: ரெண்டு தடவை அடிச்சார். முதல் தடவை நீங்க என் லைசென்ஸுக்கு ஜோசியம் சொல்லிட்டு இருந்தீங்க. ரெண்டாவது தடவை, பின்னால ஹார்ன்தான் கேக்குதுன்னு சொன்னீங்க.

மாஸ்டர்: உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?

மேடம்: அதைக் கேக்கத்தானே வந்தேன்.

மாஸ்டர்: நீங்க யாரு மேடம்?

மேடம்: லைசென்ஸ் எடுத்து ஏழு வருஷம் ஆச்சு எனக்கு. அன்னைக்கு அந்த ரயிலை ஓட்டினவர் என் வீட்டுக்காரர். விசில் அடிச்சேன் அடிச்சேன்னு முதல் வாரம் பூரா சொன்னார். இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. அடிச்சேனான்னு என்னைக் கேக்கறார். அடுப்புல குக்கர் சத்தம் போட்டா எழுந்து வெளியில போயிடறார்.

மாஸ்டர்: மேடம்... எனக்குத் தெரியாது...

மேடம்: நான் கெஞ்ச வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவர் விசில் அடிக்கலையா, இல்ல உங்களுக்குக் கேக்கலையா?

மாஸ்டர்: எப்படி மேடம் கேக்கும்... அந்த வேன்காரன் உங்கள மாதிரி ஒழுங்கா நின்னுட்டுத்தான் இருந்தான். போடா, போடான்னு நான்தான் பின்னால இருந்து ஹார்ன்ல வச்ச கைய எடுக்கவே இல்லையே.