செத்துப்போன மெஷின் பேரு

திருப்பதியிலிருந்து சத்தியவேடு போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கழுத்தில் கம்பெனி கார்டு மாட்டியிருந்த தங்கை திடீரென்று சொன்னாள்:

"செத்துப்போன மெஷின் பேரையே புதுசுக்கும் வெச்சிட்டாங்கக்கா. அதுலதான் நான் ஏமாந்துட்டேன்."

அக்கா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கின்னாடி? என் புள்ளைக்குக்கூட நம்ம நைனா பேரத்தான வெச்சோம்."

"உன் புள்ளயப் பாத்தா நைனா இல்லன்னு தெரியும். நெட்வொர்க்குல திருடன் பூந்தா கத்துறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கோம். எந்த கம்ப்யூட்டர்ல எந்த சிஸ்டம் ஓடுதுன்னு நாமதான் அதுக்கு எழுதித் தரணும். பழசு லினக்ஸு, புதுசு விண்டோஸு. பேரு அதேதானேன்னு லினக்ஸுன்னே உட்டுட்டேன்."

"உட்டா இன்னா ஆவும்?"

"அந்த மெஷினுக்கு வர்றத எல்லாம் லினக்ஸுக்கு வர்றதா நெனச்சே படிச்சிக்கினு இருக்கும். திருடன் உள்ள போனாலும் கண்டுக்காது."

போன் அடித்தது. "வஸ்துன்னானு சார், வஸ்துன்னானு" என்று, வந்துகொண்டிருப்பதாகத் தெலுங்கில் சொல்லி வைத்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப திருத்திட்டியா இல்லியா?"

"காலைல ஊட்லேர்ந்தே திருத்திட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"திருத்தின ஒடனே அலாரம் அடிக்க ஆரம்பிச்சிச்சுக்கா. இன்னும் நிக்கல. எத்தினி நாளா உள்ளயே குந்திக்கினு இருந்தானோ."