நடுவுல நிக்காத கோடு

மொக்கம்மாள்: பச்சைக் கோட்டப் பாக்கவா தேவாரத்துல இருந்து பஸ்சேறி வந்தேன்? டேப்ப ரிப்பேர் பாத்துக் குடுய்யான்னா, படம் காட்டிக்கிட்டு இருக்க!

திருப்பதி: படம் இல்ல மதினி. கோளாறு எங்கன்னு, சத்தத்தக் கோடாக் காட்டுற இந்தப் பெட்டியிலதான் தெரியும். இப்ப டேப்புல யாரும் பேசல. கோடு நட்டநடுவுல நிக்கணுமா இல்லையா?

மொக்கம்மாள்: எனக்கென்ன தெரியும்... நிக்கணும்.

திருப்பதி: நிக்கல. மேல ஏறி உக்காந்திருக்கு. டேப்புல கோட்டைச்சாமியண்ணன் "ஏஏய்... ஹோய்"னு கத்தும்போது இன்னும் மேல போயி முட்டி, சத்தத்துக்குத் தலை வெட்டுப்பட்டுருது. அதான் கரகரன்னு...

மொக்கம்மாள்: கரகரன்னு கேட்டா ஆனை எப்படிய்யா பயப்படும்? சோளம் பால் புடிச்சு நிக்குது. முந்தாநாத்து ரெண்டு வந்து, காவப் பரணுக்குக் கீழயே நின்னு தின்னுட்டுப் போயிருக்கு! மாசியில நீதான ரிப்பேர் பாத்த? என்னத்தக் கிழிச்ச?

திருப்பதி: அப்ப நாடா சிக்குனதுக்குப் பாத்தேன். இது உள்ள இருக்க கண்டன்சர் லீக்கு. வேற நோவு.

மொக்கம்மாள்: என்ன நோவோ! அந்த டப்பு போகுமா, போகாதா?

திருப்பதி: எந்த டப்பு?

மொக்கம்மாள்: ஒவ்வொரு தடவையும் அவரு கத்துறதுக்கு முன்னால டப்புன்னு ஒண்ணு விழுகுதே! அதுதான்யா மொதல்ல போகணும்.

திருப்பதி: ஓ... அதுவா. நிறுத்தி நிறுத்தி ரெக்கார்டு பண்ணிருக்காரு. பட்டன அமுக்குற ஒவ்வொரு வாட்டியும் கோடு மேல தாவுதுல்ல, அந்தச் சத்தம். இருந்துட்டுப் போகுது மதினி. ஆனைக்குக் கூடுதலா ஒரு வெடின்னு வச்சுக்கங்க.

மொக்கம்மாள்: ஆனைக்கு யாருய்யா பயந்தா? அடுத்த சோளக்காட்டுல என் கொழுந்தன் ஜக்கையன் இருக்கானே... "என்ன மதினி, அண்ணன் டப்புன்னு ஆரம்பிச்சுத்தான் கத்துவாரோ?"ன்னு பல்லக் காட்டுறான். காவலுக்கு ஆம்பள இல்லாத காடுன்னு ஊர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா, மறுநாளே வரப்பத் தள்ளிப் போட்டு மொத்தத்தையும் சுருட்...

திருப்பதி: ஜக்கையனா? தங்கமான பிள்ளையாச்சே!

மொக்கம்மாள்: அவனா? வாயில நல்லா வந்துரும்! ஏன்யா இப்படிக் கத்துற, நான் என்ன செவிடா?

திருப்பதி: ரேடியோ கடையில இருந்து இருந்து பழகிப்போச்சு. ஆனா அண்ணன் குடுத்து வச்சவரு! டேப்பக் கத்தவிட்டுட்டு, பரண்ல காலு மேல காலப் போட்டுத் தூங்குறாரு!

மொக்கம்மாள்: ஆமா... தூங்குறாரு.

திருப்பதி: இந்தா, புதுக் கண்டன்சர் போட்டாச்சு. கோட்டப் பாருங்க.

மொக்கம்மாள்: ம். நடுவுல வந்துருச்சு.

திருப்பதி: இனிமேப் புதுசாப் பேசிப் புடிச்சா கரகரப்பும் வராது, டப்பும் வராது. பழைய கேசட்டுல வெட்டுப்பட்டது மட்டும் வெட்டுப்பட்டதுதான். அண்ணனக் கூட்டிட்டு வாங்க. அஞ்சே நிமிசம், கத்திட்டுப் போகட்டும்.

மொக்கம்மாள்: அவருக்குத் தொண்டை கட்டிருக்கு.

திருப்பதி: நாளைக்கு வரட்டும்.

மொக்கம்மாள்: நாளைக்கும் கட்டிருக்கும்!

திருப்பதி: அப்ப வர்ற வெள்ளிக்கெழம...

மொக்கம்மாள்: கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு ஏன்யா உசுர வாங்குற? பழைய சத்தத்தையே சரி பண்ணு. அந்த டப்ப மட்டும் எடு. முடியுமா, முடியாதா?

திருப்பதி: முடியும். டப்ப விட்டுட்டு விட்டுட்டு வேற கேசட்டுல ஏத்தணும். ஆனா ஆளே இருக்கும்போது எதுக்கு...

மொக்கம்மாள்: ஆளு இருந்தா நான் ஏன்யா இங்க வந்து...

திருப்பதி: பேசாதீங்க மதினி! மெஷின் ஓடுது!

மொக்கம்மாள்: எங்கய்யா ஓடுது? சக்கரமே சுத்தல!

திருப்பதி: அட, நேத்துச் சாயங்காலம்கூட அண்ணன் இங்க வந்து நின்னு பேசிட்டுத்தான போனாரு! அப்பவே சொல்லிருந்தா கையோட முடிச்சிருப்பேன்ல?

மொக்கம்மாள்: நேத்தா?

திருப்பதி: ஆமா.

மொக்கம்மாள்: இங்கயா... இந்தக் கடைக்கா?

திருப்பதி: ம்.

மொக்கம்மாள்: என்ன சட்டை போட்டிருந்தாரு?

திருப்பதி: ...பச்சைச் சட்டை.

மொக்கம்மாள்: பச்சையா? அவர்ட்டப் பச்சை ஏது... புதுசா எடுத்திருப்பாரோ? மெலிஞ்சிருக்காரா தம்பி? இருமலு இருக்கா? என்னய... எதுவும் கேட்டாரா?

திருப்பதி: மெல்ல மதினி. தேவாரம் பஸ்சு கெளம்பட்டும்.

மொக்கம்மாள்: பஸ்சு கெடக்குது, போ! மலைமேல மெட்டுல இருந்து இந்தப் போடி வரைக்கும் எறங்கி வந்த மனுசனுக்கு, வீட்டுக்கு வர வழி தெரியலயாமா? உன்கிட்ட நின்னு பேச வாய் இருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வாய் இல்லையா? வரட்டும்! வரட்டும், வச்சுக்கிறேன்! எங்க தங்கிருக்காராம்?

திருப்பதி: ...போயிட்டான். பஸ்சு திரும்பிருச்சு.

மொக்கம்மாள்: யாரு?

திருப்பதி: ஜக்கையன். நீங்க எறங்குன பஸ்சுலதான் பின்வாசல்ல எறங்குனான். இம்புட்டு நேரமா எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல உக்காந்து, காத இங்க நீட்டிக்கிட்டு இருந்தான். போன வாரமே வந்து கேட்டான் மதினி, பரண்ல கேக்குறது அண்ணனா, வெறும் டேப்பான்னு. அண்ணன் வீட்டுல இல்லன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. அதான் இன்னைக்கு அவன் காதுல விழட்டும்னு...

மொக்கம்மாள்: அப்ப... பச்சைச் சட்டை?

திருப்பதி: வாயில வந்ததச் சொன்னேன். அண்ணன் வரல மதினி.

மொக்கம்மாள்: எட்டு மாசமாய்யா! ஏலத்தோட்டத்துக்குன்னு ஜீப்பு ஏறுன மனுசன், இருக்காரா செத்தாரான்னு ஒரு சேதி இல்ல. அவன் காதுல போட்டியே, நல்லா இருப்ப, என் காடு தப்பிச்சுச்சு. ஆனா நானும் இங்கதானய்யா உக்காந்திருந்தேன்!