பொறுங்கக்காவின் நோட்டு

மேடையிலுள்ள தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் பொறுங்கக்காவின் கணவர் அவர்களே, ஆலோசனை மையத்தின் தோழர்களே, வணக்கம். நான் புகழ்ந்து பேச வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்.

நம் மூத்த மனநல ஆலோசகரை நம்மில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டோமா? எதற்கெடுத்தாலும் “கொஞ்சம் பொறுங்க” என்பார், பொறுங்கக்கா ஆகிவிட்டார். மையத்தின் பொறுப்பாளரான நானோ அவசரக்குடுக்கை. தற்கொலை எண்ணம் உண்டா என்று அறியும் கேள்வித்தாளில் மதிப்பெண் குறைவா, ஆபத்தில்லை, ஆளை வீட்டுக்கு அனுப்பு. இதுதான் என் சட்டம்.

ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். அவரே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். எல்லாக் கேள்விக்கும் “இல்லை” என்றே பதில். அனுப்பச் சொன்னேன்.

“பொறுங்க சார். வாட்சைக் கழட்டி, கூட வந்த மகன் கையில கட்டிவிட்டுட்டு உள்ள வந்தாரு. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“இங்க என்ன ஜோசியமா பாக்கறோம்?” என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்.

அக்காவோ, வாசல்வரை போய்விட்டவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்து, மாலைவரை பேசினார். அன்று அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று ஓட்டுநர் பிறகு சொன்னார். இன்று இங்கே வந்திருக்கிறார்.

அக்காவிடம் ஒரு நோட்டு உண்டு. யார் பெயரும் அதில் இருக்காது. இடப்பக்கம், மனதில் பட்டது. வலப்பக்கம், பிறகு தெரியவந்தது: சரி அல்லது தவறு. ஒரு மாணவி பொய் சொல்கிறாள் என்று பட்டது தவறாகிப் போனபோது, அந்தப் பெண்ணிடமே மன்னிப்புக் கேட்டார். “தோணுறதெல்லாம் தீர்ப்பு இல்ல சார். இன்னொரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்” என்பார். எந்த ஜோசியக்காரர் தன் தவறுகளை எழுதி வைப்பார்?

போன செவ்வாய்க்கிழமை காலை, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். ஏதோ சரியில்லை என்று எனக்கே பட்டது, தோழர்களே, எனக்கே பட்டது! நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அறிக்கை ரெடியா?”

“குடுத்துடறேன் சார்” என்று ஏறிப் போனார். மதியம், நாற்காலியிலேயே மாரடைப்பு; உயிர் போய்விட்டது. “என்னக்கா, உடம்புக்கு என்ன?” என்று ஒரு கேள்வி. அதைக்கூட நான் கேட்கவில்லை.

நாளை முதல் நம் பதிவுத்தாள் ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு பக்கங்களும் இருக்கும். யார் எதை எழுதினாலும் நான் சிரிக்க மாட்டேன்; இன்னொரு கேள்வி கேட்காமல் யாரையும் அனுப்ப மாட்டேன். அக்காவின் கணவர் நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதன் அடுத்த வெற்றுப் பக்கத்தில் இன்று காலை எழுதினேன். இடப்பக்கம்: படியில் நிற்கும் அக்காவுக்கு ஏதோ சரியில்லை. வலப்பக்கம்: சரி.