தண்ணி கலங்குன அன்னைக்கு

இந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டோம்னு நிக்கிற தம்பிமாரே, செத்த உக்காருங்க. சின்னதா ஒரு கதை வச்சிருக்கேன், கேட்டுட்டு எந்திரிச்சுப் போங்க.

வருசம் எழுத எனக்குத் தெரியாது. கிரிக்கெட்டுல நம்ம ஆளுக முதல் தடவை உலகக் கோப்பை ஜெயிச்ச வருசம். நம்ம தெருவுக்குத் தண்ணிக் குழாய் வந்த வருசம். என் தங்கச்சி ஏழு மாசப் புள்ளத்தாச்சி.

காலேஜ்லேருந்து வத்சலா அம்மா வந்தாங்க. ஆளில்லாத பாறைத் தீவு... அடியில பவளம் எண்ணணும். துணைக்குச் சங்கு குளிக்கிறவன் ரெண்டு பேரு, நானும் தங்கச்சி புருசன் கயித்தானும். தோணிக்குச் சந்தியாகு. முதுகுல காத்து சிலிண்டர்.

தினமும் அந்தம்மா ஒரே பாடம். சிலிண்டர் காத்தை நெஞ்சுல அடக்கிக்கிட்டு மேல வராதீங்க, ஏற ஏற அது ஊதிப் பெருத்து உள்ள கிழிச்சிரும், விட்டுக்கிட்டே மெதுவா வாங்க.

கயித்தான் சும்மா இருப்பானா? "ஏம்மா, மூச்சப் புடிச்சே சோறு திங்கிற பரம்பரை. எங்களுக்கு மூச்சு விட நீங்க சொல்லித் தரணுமோ?"

அந்தம்மா சிரிக்கல. "அண்ணே, அதான் பயமா இருக்கு. உங்களுக்குப் புடிக்க மட்டும்தான் தெரியும்."

நாலாவது நாள். எட்டுப் பாகம் ஆழம், அம்பது அடிக்குக் கிட்ட. திடீர்னு நீரோட்டம் திரும்பி மணலைக் கிளப்பிருச்சு. கண்ணு தெரியல. நம்ம அப்பன்மாரு என்ன சொல்லித் தந்தான்? தண்ணி கலங்குனா வாயை மூடு, தரையை உதை, மேல வா. நான் உதைச்சேன்... அவனும் உதைச்சான்.

என் கணுக்காலை ஒரு கை புடிச்சுது. மறு கால்ல அந்தம்மா மூஞ்சியில மிதிச்சேன். விடல. என் வயித்துல ஒரு குத்து. காத்து குபுகுபுன்னு வெளிய போச்சு. நான் மூச்சு விட்டா ஒரு முழம் ஏத்துவாங்க. அடக்குனா... நிப்பாட்டிருவாங்க. அப்பிடியே மேல வரைக்கும்.

கயித்தான் எங்க? அவன் எப்பவோ மேல போயிட்டான். தோணி விளிம்பைப் புடிச்சுக்கிட்டுச் சந்தியாகுகிட்ட சிரிச்சானாம். "என் மச்சான் இன்னும் கீழ பாடம் படிக்கான்" அப்பிடின்னானாம். பெறகு இருமுனான். வாயில நுரை... செவப்பு நுரை. கரையைத் தொடல.

அப்பன் சொன்னது பொய்யா? இல்ல தம்பி. வெறும் மூச்சுல குளிச்சவனுக்கு அது உசுரு. சிலிண்டர் கட்டுனவனுக்கு அதே பழக்கம் எமன். அந்தம்மாவுக்கு இருந்தது ரெண்டு கை. பக்கத்துல இருந்த காலு என்னுது. அதனாலதான் இந்தத் தாள் கேக்குது, ரெண்டு பேரா இறங்கு, மெதுவா ஏறு, ஒருத்தன் கால் இன்னொருத்தன் கைக்கு எட்டணும்.

சந்தியாகு போய்ச் சேந்தாச்சு. வத்சலா அம்மா போன மாசியில போனாங்க. அந்தத் தோணியில போன நாலு பேருல மிச்சம் ஒரே ஆளு. அவனுக்குக் கையெழுத்து வராது. மையைக் கொண்டாங்க, முதல் பெருவிரல் அவனுது. பேரு எழுதிக்கோங்க... தொபியாஸ்.