முதுகுவலிக்காரருக்கு மலை சைக்கிள்

அரூரிலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“செருப்பு மாட்டக் குனிய முடியல, மலையேறச் சைக்கிள் கேக்குதா உங்களுக்கு?” என்று அந்தம்மா கேட்டதில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“டாக்டரே ஓட்டலாம்னுட்டாரு” என்று அவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

“குனிஞ்சு ஓட்டச் சொன்னாரா? இதுல ஹேண்டில் சீட்டை விடக் கீழ கெடக்குது. ஹேண்டில் ஒசரமா, முன்னாடி ஷாக் அப்சர்வர் வெச்சதா பாருங்க.”

“அது பாக்க நல்லாயில்லியே.”

“போன வருசம் நீங்க வூட்டுல படுத்துக் கெடந்தது மட்டும் நல்லாயிருந்துச்சா?” அந்தம்மாவின் குரல் தணிந்தது. “மறுபடி எந்திரிப்பீங்களான்னே பயந்துட்டேங்க.”

அவர் படத்தை மூடினார். “சரி, ஒசர ஹேண்டிலே பாக்கலாம். கடையில ஓட்டிப் பாத்து, முதுகு ஒத்துக்கிட்டாத்தான் வாங்கறது.”

“வத்தல்மலை ரோட்டுல தனியா போறப்ப புடிச்சுக்கிச்சுன்னா?”

“அப்ப வேணாங்கறியா?”

“ரெண்டா வாங்குங்கங்கறேன். நானும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போனவதான்.”

அவர் மூடிய படத்தை மறுபடி திறந்தார். பிறகு செல்போனை அந்தம்மா கையில் கொடுத்தார்.

“உனக்கு என்ன கலரு வேணும், பாரு.”