பள்ளிக்கூடத்து மூணு படி

அழகி: …அதத்தான்டி கேக்குறேன். தாசில்தார் ஜீப்பு ஒங்க வாசல்ல எதுக்கு நின்னுச்சு?

ஞானமணி: ரவிக்கையப் பிரிச்சு விட வந்தீங்களா, ஜீப்ப விசாரிக்க வந்தீங்களா அக்கா?

அழகி: ரெண்டுக்குந்தான். கை பிடிக்குது, கொஞ்சம் விட்டுத் தையி. டிரைவர் எறங்கிப் போயி டீ குடிச்சுட்டு வந்துட்டான், அதுவரைக்கும் ஜீப்பு நகரல.

ஞானமணி: அவன் டீயில சீனி போட்டானா, போடலையான்னு பாக்கலையா?

அழகி: அம்புட்டுத் தூரத்துக்குத் தெரியல… கேலியா பண்ற? தெரு என்னா பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு?

ஞானமணி: நீங்க ஆரம்பிச்சு வச்சாத்தான தெரு பேசும்.

அழகி: அண்ணன் மேல கேஸ் குடுத்துட்டியாம். அப்பன் வீட்டுல பங்கு கேட்டு.

ஞானமணி: யாரு சொன்னா?

அழகி: பொதுவாப் பேசிக்கிறாங்க.

ஞானமணி: பங்கும் கேக்கல, பாகமும் கேக்கல. ஓட்டுப் போடுற பள்ளிக்கூடத்து ரூமுக்கு முன்னாடி மூணு படி இருக்குல்ல? அதுக்குப் பக்கத்துல சாய்தளம் கட்டணும்னு கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுத்தேன். இடத்தப் பாத்துட்டு எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனாங்க. அம்புட்டுத்தான்.

அழகி: இத நான் நம்பணும்.

ஞானமணி: நம்பாட்டிப் போங்க.

அழகி: கலெக்டர் ஆபீஸுக்கு எப்படிப் போன? புதுக்கோட்டைக்குத் தனியாவா?

ஞானமணி: கவருமெண்டு மூணு சக்கர ஸ்கூட்டி எதுக்குக் குடுத்துருக்கு? வாசல்ல நிறுத்தி வச்சு அழகு பாக்கவா?

அழகி: கீரனூருக்கு நூல் வாங்கப் போறேன்னுல்ல எங்கிட்டச் சொல்லிட்டுப் போன!

ஞானமணி: வர்ற வழியில நூலும் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

அழகி: பாத்தியா… பாத்தியா… இதான் எனக்குச் சந்தேகமே. சாய்தளத்துக்கு மனுக் குடுக்குறவ எதுக்குப் பொய் சொல்லிட்டுப் போகணும்?

ஞானமணி: உண்மையச் சொல்லிட்டுப் போனா, நான் நார்த்தாமலை தாண்டுறதுக்குள்ள சேதி கலெக்டர் ஆபீஸுக்கே போயிருக்கும்.

அழகி: போடி இவளே… சரி, எனக்கு ஒண்ணு புரியல. ஒனக்குத்தான் ஓட்டு வீட்டுக்கே வருதே. போன பார்லிமென்ட் எலெக்சனுக்கு வந்தாங்களே… ஆபீசரு, போலீசு, வீடியோ எடுக்குற ஆளு… நம்ம தெருவுல ஒரு கல்யாணத்துக்கு இம்புட்டுக் கூட்டம் வந்ததில்ல. கால் நடக்க முடியாதவளுக்கு அரசாங்கமே வந்து நிக்குது. நீ என்னடான்னா, இந்தத் தடவை வேண்டாம், பாரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு டீச்சரத் திருப்பி அனுப்பிட்டியாம்.

ஞானமணி: ஓட்டு லிஸ்ட்டு டீச்சரா ஒங்ககிட்டச் சொன்னாங்க?

அழகி: டீச்சர் எதுக்குச் சொல்றாங்க… ஒங்க அண்ணன்…

ஞானமணி: அண்ணனா?

அழகி: அண்ணன் பொண்டாட்டி. ஜெனிபரு. குழாயடியில சொன்னா.

ஞானமணி: அண்ணி ஆவூருக்கு அவுங்க ஆத்தா வீட்டுக்குப் போயி ஒரு வாரமாச்சுக்கா.

அழகி: போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனா.

ஞானமணி: டீச்சர் வந்ததே முந்தாநேத்துதான்.

அழகி: …இந்தத் தையல் மிசினு மோட்டாரு சத்தத்துல ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குது. அமத்து அத.

ஞானமணி: அமத்திட்டேன். சொல்லுங்க.

அழகி: நீ மொதல்ல சொல்லு. ஏன் மாட்டேன்ன? பூத்துக்குப் போனா யாரையாச்சும் பாக்கலாம்னா?

ஞானமணி: ஆமா. வாசல்ல நிக்கிற போலீசுக்காரர.

அழகி: அடியே!

ஞானமணி: போங்கக்கா… நாப்பத்திரண்டு வயசுல. எல்லாரு மாதிரியும் வரிசையில நிக்கணும். வெயில்ல. முன்னாடி நிக்கிறவ முதுகப் பாத்துக்கிட்டு. அம்புட்டுத்தான் ஆசை.

அழகி: முன்னெல்லாம் போனியே. ஒங்க அண்ணன் ஒன்னையத் தூக்கிக்கிட்டு அந்தப் படியேறும்போது ஊரே நின்னு பாக்கும். ஆரோக்கியமுத்துக்குத் தங்கச்சி மேல என்னா பாசம்னு எனக்குக் கண்ணே கலங்கும்.

ஞானமணி: ஏத்தி விட்டாரு. எறக்கி விடலையே.

அழகி: என்னது?

ஞானமணி: ஓட்டு மிசினுகிட்டயும் கையில வச்சுக்கிட்டேதான் நின்னாரு. அவரு கட்சிப் பட்டனுக்கு நேரா என்னைய நீட்டுவாரு… பச்சப்பிள்ளயத் தூக்கிச் சாமி படத்தத் தொடச் சொல்ற மாதிரி. தூக்கிட்டு வந்தவர வெளிய போங்கன்னு எப்படிச் சொல்றது? நானும் தொட்டுட்டு வருவேன்.

அழகி: கட்சிக் கிளைச் செயலாளரு… அப்படித்தான் இருப்பாரு. அதான் போன தடவை வீட்டுல வச்சே போட்டியே. பேப்பரு, பேனா, சுத்தி அட்டை மறைப்பு.

ஞானமணி: மறைப்பு மூணு பக்கம். அண்ணன் எதுக்கால கட்டில்ல உக்காந்திருந்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா மறுநாள்லேர்ந்து எங்கிட்டப் பேச்ச நிறுத்திட்டாரு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு வருசமா…

அழகி: அது பங்குத் தகராறுன்னு…

ஞானமணி: யாரு சொன்னா?

அழகி: பொதுவா…

ஞானமணி: பங்கு இல்லக்கா. எனக்கே ஏன்னு வெளங்கல. அவரு கட்சிக்குத்தான் போட்டேன்.

அழகி: அவரு கட்சிக்கா?

ஞானமணி: ஆமா. பேப்பர்ல மொதப் பேரே அவுங்க ஆளுதான. மேலயே ஒரு டிக் அடிச்சேன், மடிச்சுக் குடுத்துட்டேன்.

அழகி: மேலயா?

ஞானமணி: மேலதான்.

அழகி: நல்லா யோசிச்சுச் சொல்லு.

ஞானமணி: இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?

அழகி: மாதா மேல சத்தியம் பண்ணு.

ஞானமணி: ஓட்டுக்கெல்லாம் மாதாவ இழுக்காதீங்க. மேலதான் போட்டேன்.

அழகி: அடிப் பொய்க்காரி! எங்கிட்டயேவா? அம்புட்டு நீளப் பேப்பரு… பேனா மேல ஒரு எடத்துல நின்னுச்சா? கீழ போயி, கீழ போயி, அடியில கடைசிக் கட்டத்துலல்ல டிக் அடிச்ச! கடைசிக் கட்டம் நோட்டாங்கிறது எனக்குத் தெரியாதா? கட்சிக்காரன் தங்கச்சி, யாருக்கும் ஓட்டு இல்லன்னு போட்டுட்டு…

ஞானமணி: சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

அழகி: ரவிக்க ஆச்சா?

ஞானமணி: இன்னும் ஒரு கை இருக்கு. எங்கிருந்து பாத்தீங்க?

அழகி: நான் எங்கடி பாத்தேன்? கண்ணுல பட்டுச்சு. எங்க அடுப்படிச் சன்னலுக்கு நேரா ஒன் முதுகு… தாளிச்சுக்கிட்டே திரும்புனா…

ஞானமணி: தாளிக்கிற புகையில பேனா போற தடம் வரைக்கும் தெரிஞ்சுருக்கு.

அழகி: என்னைய ஏன் வையிற? நீ எதுக்கு நோட்டாவுக்குப் போட்ட?

ஞானமணி: எல்லாக் கட்சிக்காரனும் அந்தப் படியேறித்தான் ஓட்டுப் போடுறான். ஒருத்தனுக்கும் அது படியாத் தெரியல. யாருக்குப் போடச் சொல்றீங்க? …அண்ணன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டீங்களா?

அழகி: நானாப் போயிச் சொல்லலடி. சாயங்காலம் அவராத்தான் வந்து கேட்டாரு.

ஞானமணி: ஒங்ககிட்டக் கேக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அழகி: இந்தத் தெருவுல எது நடந்தாலும் எங்கிட்டத்தானடி கேப்பாங்க!

ஞானமணி: பெருமை வேற.

அழகி: …கோவமா?

ஞானமணி: நிம்மதிக்கா. ரெண்டு வருசமா அந்த ஆபீசர் மேல சந்தேகம், வீடியோ எடுத்தவன் மேல சந்தேகம். ஓட்டு வாங்குறவங்களே சொல்லியிருந்தா, பூத்துக்குப் போயும் பிரயோசனம் இல்லையே. மனுக் குடுத்துட்டு வந்தும் தூக்கம் இல்ல. இப்பத் தெரிஞ்சு போச்சு. ஓட்டை கவருமெண்டுல இல்ல… ஒங்க சன்னல்லதான்.

அழகி: இதுக்குப் போயி ஜீப்ப வரவழைக்கணுமா? ஒன் பக்கத்துச் சன்னலச் சாத்திக்கிட்டா முடிஞ்சுது.

ஞானமணி: எதுக்குச் சாத்துறன்னு அண்ணன் கேப்பாரு. வீடு அவரு வீடு. இந்த ரூமும் அவரு விட்டு வச்சதுதான்.

அழகி: அதுவுஞ்சரிதான்…

ஞானமணி: இன்னைக்கு அவருதான அனுப்புனாரு ஒங்கள?

அழகி: யாரு? என்னையா? கை பிடிக்குதுன்னு…

ஞானமணி: இந்தக் கை பிடிக்காதுக்கா. போன மாசம் நாந்தான் தாராளமா விட்டுத் தச்சேன்.

அழகி: …கட்சியில அவரக் கேலி பேசுறாங்களாம் ஞானம். சொந்த வீட்டு ஓட்டையே வாங்க முடியாதவன், ஊர் ஓட்ட எப்படி வாங்குவான்னு. எப்படியாச்சும் பேசி அந்தப் பாரத்துல கையெழுத்து வாங்கிக் குடுங்கக்கான்னு கெஞ்சுனாரு. வீட்டுல போட்டா…

ஞானமணி: வீட்டுல போட்டா நீங்க தாளிப்பீங்க.

அழகி: சும்மா இருடி… நெசமாவே கட்டுறாங்களா சாய்தளம்?

ஞானமணி: எலெக்சனுக்குள்ள கட்டித் தாரோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கட்டலேன்னா ஒவ்வொரு திங்கக்கிழமையும் மனு நாளுக்குப் போயி நிப்பேன். எனக்கு மட்டுமா கேட்டேன்? முட்டி வலியோட செவுத்தப் புடிச்சு ஏறுற ஒங்களுக்கும் சேத்துத்தான். ஒங்க பேரும் மனுவுல இருக்கு.

அழகி: எம் பேரா! கேக்காமயா எழுதுன?

ஞானமணி: பாக்கச் சொல்லாமப் பாத்தவங்களுக்குக் கேக்காம எழுதுனது கணக்குக்குச் சரியாப் போச்சு. இந்தாங்க ரவிக்க.

அழகி: வாயி… வாயி… இப்ப நான் அங்கிட்டுப் போனா ஒங்க அண்ணன் டீக்கடையில நின்னுக்கிட்டு இருப்பாரு. என்னாச்சுன்னு கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?

ஞானமணி: பூத்துக்குத்தான் வருவாளாம், ஆனா இந்தத் தடவை ஒங்க கட்சிக்குத்தான் போடுவாளாம்னு சொல்லுங்க.

அழகி: நெசமாவாடி?

ஞானமணி: நான் தனியா உள்ள போயி, போட்டுட்டு வெளிய வந்தப்பறமும் அது ஒங்களுக்குத் தெரியாதுக்கா. அண்ணனுக்கும் தெரியாது. அதுக்குத்தான் சாய்தளம் கேட்டேன்.