மறுமணம் செய்யலைன்னு ஒரு கையெழுத்து

அதுல உக்காராதம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வா. ஃபேன் காத்து இந்த மூலைக்கு மட்டும்தான் வரும். பையை மடியில வச்சுக்கோ. டோக்கன் வாங்கிட்டியா? அப்ப சரி, இனிமே அவசரப்பட ஒண்ணுமில்ல. இந்த ஆபீஸ்ல அவசரப்பட்டவங்க யாரும் சீக்கிரமா வீட்டுக்குப் போனதில்ல.

வீட்டுக்காரர் என்னவா இருந்தார்? ஸ்கூல் லேப்ல அட்டெண்டரா? அடடா. உனக்கும் சின்ன வயசுதான். எங்க வீட்டுக்காரர் குடிநீர் இலாகாவுல பம்ப் ஆபரேட்டர். அவர் சுவிட்சைப் போட்டா ஊருக்கெல்லாம் தண்ணி வரும், எங்க வீட்டுக்கு மட்டும் வராது. எங்க தெரு மேடு. அதைச் சொன்னா மனுஷனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். அரசாங்கத்தைக் குறை சொல்லாதேம்பார்.

இல்லம்மா, எனக்கு இதெல்லாம் முன்னாடி ஒண்ணும் தெரியாது. இங்க வந்து வந்து கத்துக்கிட்டதுதான். ஆனா அவர் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி, எல்லாரும் குடும்பத்தோட வந்து ஓய்வுக்காலப் பலன்களைத் தெரிஞ்சுக்கணும்னு ஒரு கூட்டம் போட்டாங்க. பெரிய ஹால். டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. ஒரு ஆபீசர் மேடையில நின்னு திரையில படம் போட்டு விளக்கினார். ஊழியர் இறந்தா மனைவிக்கு இது. மனைவியும் இறந்தா பிள்ளைக்கு இது. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா இப்படி, ஆகி அவ புருஷன் போயிட்டா அப்படி. சாப்பாட்டு நேரத்துக்குள்ள எங்க குடும்பத்துல ஒருத்தரை விடாம சாகடிச்சிட்டார்.

எங்களுக்கு முன்வரிசையில ஒரு லாரி டிரைவரும் அவர் சம்சாரமும். அந்தம்மா எழுந்து நின்னு கேக்குது, சார், இவர் ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின நாள் போனா நல்லதா, அதுக்கப்புறம் போனா நல்லதான்னு. டிரைவர் பக்கத்துலயே பிஸ்கட் தின்னுட்டு இருக்கார். ஆபீசர், நல்ல கேள்வி, எல்லாரும் கவனிங்கன்னார். எங்க வீட்டுக்காரர் என் காதுல குனிஞ்சு, நீயும் ஏதாவது கேளேன், சும்மா உக்காந்திருந்தா எனக்கு ஒரு மதிப்பே இல்லாத மாதிரி இருக்குங்கறார். சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்தவங்க முறைச்சாங்க.

பரவாயில்ல, சிரி. சிரிக்கறதுக்கெல்லாம் இங்க டோக்கன் கேக்க மாட்டாங்க.

அவர் போனது ரிட்டயர் ஆனப்புறம்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு சாய்வு நாற்காலியில ரேடியோ கேட்டுட்டு இருந்தவர். ரேடியோ பாடிக்கிட்டே இருக்கு, அவர் இல்ல. சரி விடு, அதை இப்ப எதுக்கு.

அப்புறம் இங்க வந்து நின்னேன். இந்தக் கவுண்டர்ல இப்ப இருக்காரே கண்ணாடிக்காரர், அவரேதான். ஃபைலைப் புரட்டிட்டு, பாப்பா யாருன்னு சத்தமா கேட்டார். ஹாலே திரும்பிப் பாக்குது. நான்தான் சார்னேன். உங்க பேர் வேறயா இருக்கேன்னார். வீட்ல அவர் என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதுசு, மனைவி பேர் என்னன்னு எவரோ கேட்டிருக்காங்க, மனுஷன் அதையே சொல்லிட்டார். அதோட போச்சு. ரெக்கார்டுல இருக்கிற பொம்பளைக்கு என் புருஷன், என் வீடு, என் பிள்ளை. ஆனா அவ நான் இல்ல.

என்ன பண்றதா? பாப்பாவுக்கு ஆட்சேபணை இல்லைன்னு பாப்பாகிட்டயே எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார். நல்லா கேளு, எங்கிட்டயே. வெளிய போய் மரத்தடியில உக்காந்து எழுதினேன். எனக்கும் இந்தம்மாவுக்கும் எந்தத் தகராறும் இல்ல, பணத்தை இவங்களுக்கே கொடுத்துடுங்கன்னு. பாப்பா பெருந்தன்மையா விட்டுக்கொடுத்துட்டா. அவரும் படிச்சுப் பாத்துட்டு, இது சரி, இப்பதான் தெளிவா இருக்குன்னு சீல் குத்தினார்.

அதனால சொல்றேன், உன் பேர் அங்க எப்படி எழுதியிருக்குன்னு முதல்ல பாரு. இன்னொண்ணு, கவுண்டர்ல அழுதுடாத. அழுதா அவர் டீ குடிக்கப் போயிடுவார். கெட்டவர் இல்ல, பொம்பளைங்க அழுதா அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியாது, அவ்வளவுதான்.

வரும், பென்ஷன் கட்டாயம் வரும். லேட்டா வந்தாலும் சேத்து வரும். வந்ததும் வீட்ல எல்லாரும் உங்கிட்ட எப்படி மாறுறாங்கன்னு பாரு. எங்க வீட்ல நடந்தது கேளு. அதுவரைக்கும் என் பையன், அம்மாவுக்குத் தங்கச்சி வீடுதான் சௌகரியம்னான். பொண்ணு, அண்ணன் வீட்லதான் காத்தோட்டம்னா. பணம் வந்த மாசம் ரெண்டு பேர் வீட்லயும் சௌகரியமும் காத்தோட்டமும் சேந்து வந்துடுச்சு. கடைசியில பையன் ஜெயிச்சான். எங்கூட வந்து இருக்கான். மருமக தங்கமானவதான், குறை சொல்லக்கூடாது.

அப்புறம் வருஷா வருஷம் இங்க வந்து ஒரு கையெழுத்து போடணும். மறுமணம் செய்யலைன்னு. உன்னையும் கேப்பாங்க. மொதல் தடவை கேட்டப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. அவர் போய் முழுசா வருஷம்கூடத் திரும்பல, என்னய்யா கேள்வி இதுன்னு. அடுத்த தடவை பழகிடுச்சு. அதுக்கப்புறம் கண்ணாடிக்காரர் கேக்கறதுக்கு முன்னாடியே, இல்ல சார், இன்னும் யாரும் கேக்கலைம்பேன்.

சிரிப்புக்குத்தான் சொன்னேன். ஆனா கேட்டார் ஒருத்தர்.

பக்கத்துத் தெருவுல வெல்டிங் பட்டறை வச்சிருக்கார். சம்சாரம் போய் ரொம்ப நாளாச்சு, பிள்ளை கிடையாது. எங்க வீட்டு இரும்பு கேட் கீழ தரையில உரசுதுன்னு சரி பண்ண வந்தார். அப்புறம் கொக்கி. அப்புறம் பெயிண்ட். அவ்வளவு தடவை ரிப்பேர் ஆன கேட் உலகத்துலயே எங்க வீட்டுதாத்தான் இருக்கும். வருவார், வேலையைப் பாத்துட்டு ஒரு டீ குடிப்பார், பேசிட்டு இருப்போம். பையனுக்கு அது பிடிக்கல. அம்மா, நாங்க இல்லாதப்ப அவரை வர விடாதீங்க, தெருவுல தலைகாட்ட முடியலன்னான். அவர்கிட்டயும் சொல்லிட்டான் போல. கேட் அதுக்கப்புறம் ரிப்பேரே ஆகல.

போன மழைக்காலத்துல அவர் ஏணியில இருந்து விழுந்துட்டார். பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டு ஓடினேன். வார்டு வாசல்ல நர்ஸ், நீங்க அவருக்கு யாருன்னு கேட்டுச்சு. இங்க எத்தனை தடவை எத்தனை பேர் கேட்டிருக்காங்க, மனைவி சார், மனைவி சார்னு சொல்லிச் சொல்லி நாக்கே தேஞ்சிருக்கு. அங்க நின்னு தெரிஞ்சவங்கன்னேன். தெரிஞ்சவங்க பார்வையாளர் நேரத்துல வாங்கன்னுடுச்சு. எந்தக் காலத்துலயோ வந்து பாத்த அவரோட அண்ணன் மகன் வந்தான். அவனை உள்ள விட்டாங்க, ஆபரேஷனுக்கு அவன்தான் கையெழுத்து போட்டான். நான் வெளிய பெஞ்சில அவருக்கு மாத்துத் துணியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பையன் வெளிய வந்து, ஆன்ட்டி, இங்க ஏ.டி.எம். எங்க இருக்குன்னு எங்கிட்டதான் கேட்டான்.

பொழைச்சுட்டார். லேசா நொண்டுறார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்குத்தான் கேட்டார், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.

வீட்டுக்கு வந்து பையன்கிட்ட சொன்னேன், இப்படி ஒரு எண்ணம் இருக்குப்பான்னு. முகமே மாறிடுச்சு. திட்டப் போறான், மானம் மரியாதைன்னு ஆரம்பிப்பான்னு பாத்தேன். அம்மா, பென்ஷன் நின்னுடுமேன்னான். மொத வார்த்தையே அதுதான். ராத்திரி பூரா யோசிச்சிருப்பான் போல, காலையில காபியோட வந்து உக்காந்தான். காலம் மாறிடுச்சும்மா, நீங்க ரெண்டு பேரும் சேந்தே இருங்க, ஊர் என்ன பேசினா நமக்கென்ன, கையெழுத்து மட்டும் எங்கயும் போட்டுடாதீங்கன்னான். மருமக பின் ரூமுக்குப் புதுத் திரைச்சீலை போட்டுடலாம்னு அளவே எடுத்துட்டா. தெருவுல தலைகாட்ட முடியலன்னு சொன்ன அதே பிள்ளைம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டாத்தான் கேவலம், பண்ணிக்காம இருந்தா வீட்டுக்கே பெருமைங்கற மாதிரி பேசுறாங்க.

நல்ல யோசனைதானேன்னு நீயும் கேக்கற. கேக்கத் தோணும். உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க, நீ அந்தப் பணத்தை ஒரு பைசா விடாம வாங்கு, அது உன் உரிமை. நான் துணி தைக்கிறேன். அவருக்குப் பட்டறை இருக்கு. காலாட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிட முடியாது, ஆனா பட்டினி கிடக்க மாட்டோம். ஆஸ்பத்திரி வாசல்ல மறுபடி ஒரு தடவை நான் தெரிஞ்சவங்கன்னு சொல்ல மாட்டேன்.

இல்லம்மா, இன்னிக்கு வருஷக் கையெழுத்துக்கு வரல. நிறுத்தச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். போன வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வேலையை முடிச்சிட்டோம். காலையிலயே கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லிட்டேன், சார், என் பென்ஷனை நிறுத்திடுங்கன்னு. யாரு இறந்துட்டாங்கன்னு கேட்டார். யாரும் இறக்கல சார், கல்யாணம் ஆயிடுச்சுன்னேன். யாருக்குன்னார். எனக்குன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டார். ஏம்மா, இதையெல்லாம் யாராவது நேர்ல வந்து சொல்வாங்களான்னு மெதுவா கேட்டார். இதுவரைக்கும் அப்படி யாரும் வந்ததில்லையாம். என்ன செய்யணும்னு மேல கேட்டுச் சொல்றேன், உக்காருங்கன்னார். அதான் உக்காந்திருக்கேன்.

பையனா? அவன்கிட்ட இன்னும் சொல்லல. அடுத்த மாசம் பணம் வரலைன்னா அவனே தெரிஞ்சுக்குவான். உன் நம்பரைக் கூப்பிடுறாங்க பாரு, போம்மா.